காதில் மாட்டாத கண்ணாடி மூக்கில் எப்படி நின்றது?

கேள்வி இதுதான்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தாகூர், ரஷ்ய எழுத்தாளர் செக்காவ், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போன்றவர்கள் காதுக்குக் கம்பியே இல்லாத கண்ணாடியை மூக்கில் மட்டும் செருகியிருக்கிறார்களே, அது எப்படிக் கீழே விழாமல் நின்றது? வலிக்காதா? இன்று ஒன்று வாங்கி நம் பவரைப் போட்டு மாட்டிக்கொள்ள முடியுமா?

முதலில் நேரடிப் பதில். நின்றது, ஆனால் அந்த மூக்குக்கென்று சரிசெய்து கொடுத்தால்தான். வலித்தது, ஆனால் பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வாங்கலாம், ஆனால் உங்கள் பவர் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற கட்டத்தில் பெரிய எண் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இந்தச் சிலிண்டர் சமாச்சாரம் சும்மா ஓரத்தில் வரும் எச்சரிக்கை இல்லை. இந்தக் கண்ணாடி ஏன் இத்தனை வடிவம் எடுத்தது, ஏன் கடைசியில் காணாமல் போனது என்பதில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி. 16 வருடம் கண்ணாடிக் கடையில் ஃபிட்டிங் வேலை பார்த்தவன், பழைய கண்ணாடிகளில் இரண்டை வாங்கிப் போட்டும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். இதற்குப் பிரெஞ்சில் ‘பான்ஸ்-நே’ என்று பெயர். பான்ஸே என்றால் கிள்ளுவது, நே என்றால் மூக்கு. மூக்கைக் கிள்ளி, அவ்வளவுதான். ஜெர்மானியர்களும் கிள்ளுகிற பொருளில்தான் ‘ட்ஸ்விக்கர்’ என்கிறார்கள். ரஷ்யர்கள் பிரெஞ்சுச் சொல்லையே ‘பென்ஸ்னே’ ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் மட்டும் வேறு வழியில் போய், 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கெவேதோவின் படங்களில் அவர் மூக்கில் இப்படி ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘கெவேதோஸ்’ என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் எல்லாக் கண்ணாடியுமே மூக்குக்கண்ணாடிதான். காதை நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, கண்டிப்பாகப் பார்த்தால் அந்தப் பெயர் முழுசாகப் பொருந்துவது நாம் போட்டுக்கொண்டிருப்பதற்கு இல்லை, இதற்குத்தான்.

சரி, எப்படி நிற்கிறது? பலர் நினைப்பது போல ஸ்பிரிங் பலத்தில் இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து உங்கள் மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே போங்கள். கீழே மெத்தென்று இருக்கும், அது குருத்தெலும்பு, அங்கே அழுத்தினால் மூச்சு அடைக்கும். மேலே போகப் போக, கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே, விரல்கள் கெட்டியான எலும்பில் முட்டும். அங்கேதான் இந்தக் கண்ணாடி உட்கார வேண்டும். சினிமாவில் தாத்தா வேஷக்காரர்கள் மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு வருவார்களே, அப்படி இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த இடத்தில் மூக்கு இரண்டு நேரான சுவர் மாதிரி இல்லை. முன்னால் ஒடுங்கி, கன்னத்தை நோக்கிப் பின்னால் போகப் போக அகலும். மேலே ஒடுங்கி, கீழே இறங்க இறங்க அகலும். இப்படி இரண்டு பக்கமும் சரிவாக இருக்கிற ஒன்றை இரண்டு தட்டையான பேட்களால் இறுக்கினால் என்ன ஆகும்? ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒடுங்கிய பக்கம் நோக்கி, அதாவது மேலேயும் முன்னேயும், வழுக்கும். மேலே போவது நல்லது, கண்ணாடியின் எடை கீழே இழுப்பதற்கு அது ஈடு. முன்னே வழுக்குவதுதான் ஆபத்து, கண்ணாடி முகத்தை விட்டு எகிறிவிடும். அதனால் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கமாக்குவதில் பிரயோஜனம் இல்லை. இறுக்க இறுக்க வலியும் கூடும், வழுக்கலும் கூடும். பேட்களை அந்தச் சரிவின் கோணத்துக்கே திருப்பி, தோலில் முழுப் பரப்பும் படியும்படி வளைத்துக் கொடுத்தால் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே நிற்கும். அந்தக் காலத்துக் கடைக்காரரின் கைவேலை முழுக்க இந்த வளைப்பில்தான் இருந்தது. கவ்வுகிற பேட்களின் உள்பக்கம் கார்க், ஆமை ஓடு, செல்லுலாய்டு, கெட்டி ரப்பர் என்று எதையாவது வைப்பார்கள், பிடிமானத்துக்கும் வலி குறையவும்.

இந்தக் கார்க் விஷயத்தை வைத்தே ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்று உண்டு, 1904இல் வந்தது. கொலை நடந்த இடத்தில் தங்கத்தில் செய்த மூக்குக்கிள்ளி ஒன்று கிடைக்கும். ஹோம்ஸ் அதை எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இதற்குச் சொந்தக்காரியின் மூக்கு தடித்தது, கண்கள் நெருக்கமானவை, கார்க் ஒரு பக்கம் தேய்ந்தும் ஒரு பக்கம் புதிதாகவும் இருப்பதால் அவள் அண்மையில் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று அடுக்குவார். கதைதான், ஆனால் அடிப்படை சரி. காதில் மாட்டும் ஃபிரேமை வைத்து ஒருவர் மூக்கைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியாது. மூக்கில் கவ்வுவது அந்த மூக்கின் அச்சு மாதிரி.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி பிறந்ததே காதில்லாமல்தான். 1306இல் ஃபிளாரன்ஸில் ஒரு பாதிரியார் தன் பிரசங்கத்தில், கண்ணாடி செய்யும் கலை வந்து இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்கிறார். அந்தக் கணக்கில்தான் 1280களின் பிற்பகுதி, இத்தாலி என்று சொல்கிறோம். அப்போதைய கண்ணாடி, கைப்பிடி வைத்த இரண்டு பூதக்கண்ணாடிகளை ஒரு ஆணியால் கோத்த மாதிரி இருக்கும். கையில் பிடிக்கலாம், அல்லது மூக்கில் ஒப்புக்கு ஏற்றிவைக்கலாம். இத்தாலியின் திரெவீசோ நகரத்தில் 1352இல் தீட்டிய சுவரோவியத்தில் ஒரு கர்தினால் இதைப் போட்டுக்கொண்டு எழுதுகிறார். கண்ணாடி இருக்கும் ஓவியங்களில் நமக்குக் கிடைத்ததில் பழையது அது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கர்தினால் 1263இலேயே செத்துப்போனவர், கண்ணாடியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஓவியருக்கு, படித்தவர் என்று காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஒற்றைக் கம்பியை வளைத்து மலிவாகச் செய்து குவித்தார்கள், அதுவும் மூக்குதான். காதுப் பக்கம் கம்பி வந்தது 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், லண்டனில். அதுவும் முதலில் காதைச் சுற்றவில்லை. நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு நின்றது. அந்தக் கம்பிக்கு ஆங்கிலத்தில் இன்றும் நெற்றிப்பொட்டின் பெயர்தான், டெம்பிள்.

காதுக்குக் கம்பி கிடைத்த பிறகும் 1840களிலிருந்து மறுபடி ஏன் மூக்குக்கே திரும்பினார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. ஒரே காரணம் இல்லை. அன்றைய காதுக் கம்பி நேராக, விறைப்பாக, மண்டையை நெருக்கும். பெண்களுக்குக் கொண்டையும் தொப்பியும் இடிக்கும். வெள்ளெழுத்து வந்தவர் வாசிக்க மட்டும் போட்டு எடுக்க வேண்டும், இதை ஒரு கையால் செருகி ஒரு கையால் எடுக்கலாம். டாக்டர், வாத்தியார், கணக்குப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து ஆளைப் பார்ப்பதும் குனிந்து தாளைப் பார்ப்பதுமாக இருக்கிற தொழில்காரர்களுக்கு அது பெரிய சௌகரியம். இதோடு மானப் பிரச்சினை. முழுக் கண்ணாடி போட்டால் கிழம், நோயாளி என்று பார்க்கிற காலம். இதுவோ எப்போதாவது தேவைக்கு எடுத்து வைக்கிற நாகரிகப் பொருள் மாதிரி இருந்தது. ஸ்டைலுக்கு மட்டுமே போட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த வசதிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. ஸ்டைலுக்கு என்றால் ஒற்றைக் கண் மானக்கிள் உண்டு, கைப்பிடி வைத்த லார்னெட் உண்டு. நாள் முழுக்க வேலை பார்க்கிறவர் வாங்கியது இதைத்தான்.

இதில் முதலில் பரவியது சி-பிரிட்ஜ். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று, சி எழுத்து கவிழ்ந்த மாதிரி வளைந்திருக்கும். அந்தப் பட்டையேதான் ஸ்பிரிங். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் விரியும், மூக்கில் வைத்து விட்டால் கவ்வும். செய்வது சுலபம், விலை மலிவு, ஒரே சைஸ் பல மூக்குக்கும் எப்படியோ பொருந்தும். உலகம் முழுக்க ஓடியது இதுதான்.

இப்போது சிலிண்டர். கண்ணின் கருவிழி பந்து மாதிரி சீராக இல்லாமல், முட்டையைப் படுக்கவைத்த மாதிரி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால் அதற்கு அஸ்டிக்மாடிசம் என்று பெயர், நம் கடைகளில் ‘சிலிண்டர் பவர்’ என்றே சொல்லிவிடுவோம். இதை 1801இல் தாமஸ் யங் தன் கண்ணிலேயே கண்டுபிடித்து விவரித்தார். இதற்கென்று லென்ஸ் செய்து போட்டவர் 1825இல் ஜார்ஜ் ஏரி, கேம்பிரிட்ஜில் இருந்த இளம் வானியல்காரர். வாசிக்கும்போது தன் இடது கண் வேலையே செய்யவில்லை என்று கவனித்து, தானே கணக்குப் போட்டு, இப்ஸ்விச்சில் ஒரு கண்ணாடிக்காரரிடம் கடைந்து வாங்கினார். ஆனால் இது சாதாரண ஜனங்களுக்கு வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. 1864இல் டச்சு மருத்துவர் டொண்டர்ஸின் பெரிய நூல் வந்த பிறகு, 1872இல் பிரெஞ்சு டாக்டர் மோனுவாயே லென்ஸின் பவரை அளக்க ‘டயாப்டர்’ என்ற அலகைக் கொடுத்த பிறகுதான், கண் டாக்டர்கள் சிலிண்டரைத் தாராளமாக எழுத ஆரம்பித்தார்கள். அதே பத்து இருபது வருடங்களில்தான் மூக்குக்கிள்ளியும் உச்சத்துக்குப் போகிறது. இரண்டும் ஒரே மூக்கில் வந்து மோதிக்கொண்டன.

மோதல் என்னவென்றால், சாதா லென்ஸ் வட்டமாக எப்படிச் சுற்றினாலும் ஒரே பவர்தான். சிலிண்டர் லென்ஸுக்கு அச்சு உண்டு, சீட்டில் ஆக்சிஸ் 90, ஆக்சிஸ் 175 என்று எழுதியிருக்குமே, அந்தக் கோணத்தில் நின்றால்தான் வேலை செய்யும். சி-பிரிட்ஜ் விரியும்போது லென்ஸ்கள் நேராக விலகுவதில்லை, கதவு திறக்கிற மாதிரி வளைந்து சுழன்று விலகும். மூக்கில் கொஞ்சம் மேலே வைத்தால் ஒரு கோணம், கொஞ்சம் கீழே வைத்தால் வேறு கோணம். எவ்வளவு கெடும்? அச்சு 5 டிகிரி தவறினால் சிலிண்டர் பவரில் சுமார் 17 சதவீதம் சரியாகாமல் மிச்சம் நிற்கும். 10 டிகிரி என்றால் சுமார் 35 சதவீதம். 30 டிகிரி போய்விட்டால் மிச்சம் முழுசாக 100 சதவீதம், அதாவது சிலிண்டர் போட்டதற்குப் போடாமலே இருந்திருக்கலாம். அரை டயாப்டர் சிலிண்டர்காரருக்கு 5 டிகிரி தெரியவே தெரியாது. மூன்று டயாப்டர்காரருக்கு அதே 5 டிகிரியில் அரை டயாப்டர் மிச்சம், எழுத்து நிழல் தட்டும், தலை வலிக்கும்.

போதாததற்கு இன்னொரு கோளாறு. சி-பிரிட்ஜில் இரண்டு லென்ஸ்களின் மையத்துக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை உங்கள் மூக்கின் தடிமன்தான் முடிவுசெய்கிறது, கண்மணிகளின் தூரம் இல்லை. கடையில் பி.டி. என்று ஸ்கேல் வைத்து அளக்கிறோமே, அந்த அளவு. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாவிட்டால் லென்ஸ் பட்டகம் மாதிரி வேலை செய்து காட்சியை ஒரு பக்கமாக இழுக்கும். 5 டயாப்டர் பவரில் 3 மி.மீ. விலகல் என்றால் 1.5 பிரிசம் டயாப்டர் (அந்த இழுப்பை அளக்கும் அலகு). கண்ணின் தசை அதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும், சாயங்காலம் வலியாகத் திருப்பிக் கொடுக்கும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இன்னுமொன்று: கண்ணாடி முன்னே நழுவினால் பவரே குறைந்துபோகும். மைனஸ் 10 லென்ஸ் 3 மி.மீ. முன்னே வந்தால் கண்ணுக்குக் கிடைப்பது சுமார் மைனஸ் 9.7தான்.

ஆக, பிடிக்கிற உறுப்பும் பார்க்கிற உறுப்பும் ஒன்றாக இருக்கிற வரை இது தீராது என்று கைவினைஞர்களுக்குப் புரிந்தது. 1890களிலிருந்து வந்த ‘ஃபிங்கர்-பீஸ்’ வகையின் அழகு இதில்தான் இருக்கிறது. நடுப் பாலம் கெட்டியான கம்பி, அசையவே அசையாது, அதனால் லென்ஸும் அசையாது, அச்சும் மாறாது, பி.டி.யும் மாறாது. கவ்வுகிற வேலையைப் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குட்டிப் பேட்கள் பார்த்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் மிகச் சின்ன சுருள் ஸ்பிரிங். முன்னால் இரண்டு சிறு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு விரலால் கிள்ளினால் பேட்கள் திறக்கும், விட்டால் மூடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சவுத்பிரிட்ஜ் ஊரில் இருந்த அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனி ‘ஃபிட்ஸ்-யூ’ என்ற பெயரில் விற்றது இந்த வகைதான். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் படங்களில் பார்ப்பதும் இதுபோலத்தான், விளிம்பில்லாத லென்ஸ், முன்னால் குட்டி நெம்புகோல். என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்று இந்த வகை. அந்த ஸ்பிரிங் நூறு வருடம் தாண்டியும் இன்னும் டக்கென்று மூடுகிறது. நான் கடையில் விற்ற எத்தனையோ ஃபிரேம்களின் கீல் ஒரு வருடத்தில் தொளதொளவென்று ஆனதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் ‘ஆஸ்டிக்’ என்று ஒரு சமரசமும் உண்டு: பாலத்துக்கு மேலே ஒரு நேர்க் கம்பியில் ஸ்பிரிங், லென்ஸ்கள் சுழலாமல் பக்கவாட்டில் மட்டும் நகரும். அச்சு மாறாமல் நிற்கும், பி.டி. நிற்காது. பெயரே எந்த வியாதிக்கான மருந்து என்று சொல்லிவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு என்பது கடைசியில் வந்தது, மேலே நீளமான ஸ்பிரிங் பட்டை, ஒரு லென்ஸ் மேல் இன்னொன்றாக மடித்துப் பையில் போடலாம். அழகானது, மற்றபடி நாள் முழுக்கப் போட ஏற்றதில்லை.

விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழும். எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் தும்மினால், வியர்த்தால், திடீரென்று குனிந்தால் விழும். கண்ணாடி லென்ஸ், கல் தரை. அதனால்தான் படங்களில் எல்லாம் ஒரு கறுப்பு நாடாவோ சங்கிலியோ தொங்குகிறது. தாகூரின் படங்களில் அந்த நாடா நன்றாகத் தெரியும், 1898இல் பிராஸ் வரைந்த செக்காவ் படத்திலும் கயிறு இருக்கிறது. சிலர் சங்கிலியின் மறுநுனியை ஒரு கொக்கியால் காதில் மாட்டிக்கொள்வார்கள் (காதை விட்டு ஓடி வந்தது கடைசியில் காதுக்கே!), பெண்கள் கொண்டை ஊசியில் கோப்பார்கள். எனக்குப் பிடித்தது நியூயார்க்கின் கெட்சம் & மெக்டூகல் செய்தது: சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டன் மாதிரி ஒரு சின்ன டப்பி, உள்ளே ஸ்பிரிங் சுருள், கண்ணாடியைக் கழற்றி விட்டால் சங்கிலி தானாக உள்ளே சுருண்டுகொள்ளும். இன்று ஆபீசில் அடையாள அட்டைக்கு இழுத்தால் வரும் சுருள் கயிறு இருக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனி தையல்காரர் விரலில் போடும் அங்குஸ்தான் செய்து பிழைத்த கம்பெனி.

பிரபலங்களில் பெரியவர் தியோடர் ரூஸ்வெல்ட்தான், ஃபிராங்க்ளினுக்கு முன்னே ஜனாதிபதியாக இருந்த இன்னொரு ரூஸ்வெல்ட். கிட்டப்பார்வை கடுமை. 1898இல் கியூபா போருக்குப் போனபோது தொப்பியிலும் உடுப்பிலும் உபரிக் கண்ணாடிகளைத் தைத்துவைத்துக்கொண்டு போனவர். 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கியில் பிரசாரத்துக்குப் போகும்போது ஒருவன் நெஞ்சில் சுட்டான். குண்டு சட்டைப் பையில் இரண்டாக மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சையும் எஃகுக் கண்ணாடிக் கூட்டையும் துளைத்துக்கொண்டு போனதில் வேகம் செத்து, உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மேடை ஏறி ஒன்றரை மணி நேரம் அளவுக்குப் பேசிவிட்டுத்தான் இறங்கினார். அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கியிருக்கும் நாலு ஜனாதிபதிகளின் முகத்தில் கண்ணாடி போட்ட ஒரே முகம் அவருடையது. சிற்பி முழுக் கண்ணாடியைச் செதுக்கவில்லை; மூக்குப் பாலத்தையும் கண்ணுக்குக் கீழே விளிம்பையும் கோடு காட்டிவிட்டு, மிச்சத்தை நம் கண்ணிடம் விட்டுவிட்டார்.

ரஷ்யாவில் இந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வாழ்க்கை. ட்ராட்ஸ்கியும் போட்டிருக்கிறார், ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் பேரியாவும் போட்டிருக்கிறார். 1925இல் வந்த ‘போர்க்கப்பல் பொடெம்கின்’ படத்தில், புழு நெளியும் இறைச்சியைக் கப்பல் டாக்டர் தன் மூக்குக்கிள்ளியை மடித்துப் பூதக்கண்ணாடியாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்கிறார். அவரைக் கடலில் தூக்கிப் போட்ட பிறகு கயிறுகளில் சிக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடி மட்டும் தொங்குகிறது. ஆளைக் காட்டாமலே ஆளைச் சொல்லிவிட்டார் இயக்குநர் ஐசென்ஸ்டைன். பின்னால் ஒடெஸா படிக்கட்டில் கண்ணாடி உடைந்து கண்ணில் ரத்தம் வழிய அலறும் பெண் முகம் உலகம் பார்த்தது. அவர் போட்டிருப்பதும் இதே வகைதான்.

அப்புறம் ஏன் போயிற்று? முதல் உலகப் போரை ஒட்டிக் காதுக் கண்ணாடி திருந்திவிட்டது. கம்பி காதைச் சுற்றி வளைந்து, விறைப்பு போய் லேசாகிவிட்டது. ஹரால்ட் லாய்டு 1917இலிருந்து உருண்டை ஃபிரேம் போட்டு சினிமாவில் ஓடியும் குதித்தும் காட்டியதில், முழுக் கண்ணாடி கிழத்துக்கு என்ற பேச்சும் செத்தது. அவர் ஃபிரேமில் லென்ஸே கிடையாது என்பது வேறு விஷயம். சிலிண்டர் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது: காதில் மாட்டியது கழற்றி மாட்டினாலும் ஒரே கோணத்தில் உட்காரும், இதில் அந்த உத்தரவாதத்துக்கு நல்ல ஃபிங்கர்-பீஸும் நல்ல கைவேலைக்காரரும் வேண்டும். 1930, 40களில் இதைத் தொடர்ந்து போட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மாதிரியானவர்கள் இளமையில் பழகியதை விடாதவர்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. இன்று உங்கள் கண்ணாடியில் கம்பியோடு கூடிய இரண்டு நோஸ் பேட் இருக்கிறதே, கடைக்காரர் குறட்டை வைத்து அகட்டியும் ஒடுக்கியும் தருகிறாரே, மூக்கின் சரிவுக்குப் பேட்டைத் திருப்புகிற அந்த வேலை மூக்குக்கிள்ளிக்காரர்கள் செய்துகொண்டிருந்த அதே வேலைதான்.

இனி வாங்குவது. வெளிநாட்டு ஏல வலைத்தளங்களில் நிறையக் கிடைக்கிறது. தேடும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பழைய அமெரிக்க வியாபாரப் பேச்சில் ‘ஸ்பெக்டகிள்ஸ்’ என்றால் காதில் மாட்டுவது, ‘ஐகிளாஸஸ்’ என்றால் மூக்கில் கவ்வுவது. பழைய கூட்டிலோ விளம்பரத்திலோ அந்தச் சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாலத்தில் ‘1/10 12கே ஜி.எஃப்.’ என்ற மாதிரி முத்திரை இருந்தால் தங்கம் என்று துள்ளாதீர்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு என்று அர்த்தம். 12 காரட்டில் பாதிதான் தங்கம், ஆக மொத்தத்தில் 5 சதவீதம். அடகுக் கடையில் சிரிப்பார்கள். ஆனால் கறுக்காமல் நூறு வருடம் இருக்கும், அதுதான் அதன் மதிப்பு.

நாடக வேஷத்துக்கு விற்கும் புது மாடல்களை வாங்காதீர்கள், பேட் வளையாது, சும்மா இடுக்கி மாதிரி. ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் மார்ஃபியஸ் போடுகிற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து ஆசைப்பட்டு அதன் மலிவு நகலை வாங்கிய ஒருவர் கடைக்கு மூக்கில் இரண்டு சிவப்புத் தழும்போடு வந்தது ஞாபகம் இருக்கிறது. தினம் படிக்க மட்டும் வேண்டும் என்றால் மியூசியப் பொருளே வேண்டாம், செல்போன் முதுகில் ஒட்டிவைக்கிற மெல்லிய வாசிப்புக் கண்ணாடிகள் இப்போது வருகின்றன, வளைந்து நிமிரும் நிக்கல்-டைட்டேனியம் பாலம் வைத்தவை. பெயர் சொல்லாமல் பான்ஸ்-நேதான் அதுவும். சாதா பிளஸ் பவருக்கு அது போதும்.

பழையதுதான் வேண்டும் என்றால் ஃபிங்கர்-பீஸ் வகையாகப் பாருங்கள். சிலிண்டர் 0.75க்குள் இருந்தால் தைரியமாகப் போடலாம், 1.5 தாண்டினால் நான் தடுப்பேன். புரோகிரசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் மேலிருந்து கீழே படிப்படியாக மாறுவது) வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு முறை செருகும்போதும் உயரம் ஓரிரு மி.மீ. மாறும், புரோகிரசிவுக்கு அது ஆகாது. வண்டி ஓட்டும்போது போடாதீர்கள். லென்ஸ் மாற்ற எல்லாக் கடையும் சம்மதிக்காது, பழைய திருகு உடைந்தால் மாற்றுத் திருகு கிடையாது, அந்தப் பழி தங்களுக்கு வேண்டாம் என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான், நானே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். விளிம்பில்லாத வகைக்கு லென்ஸில் துளை போட வேண்டும், ரிம்லெஸ் வேலை தெரிந்த ஆளாகப் பாருங்கள். கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போட்டால் துளையில் எளிதில் விரிசல் வராது, எடையும் குறையும், மூக்குக்குப் பெரிய நிம்மதி. லென்ஸ் போடும் முன் பேட்களை வளைத்து, வெறும் ஃபிரேமை அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கழற்றிய பின் தழும்பு முழுப் பேட் வடிவத்தில் லேசாக இருந்தால் சரி. ஒரே ஓரத்தில் கோடு மாதிரி ஆழமாக இருந்தால் கோணம் தப்பு, இன்னும் வளைக்க வேண்டும்.

நம்மில் பலருக்கு மூக்கின் மேல்பாதி தட்டையாக இருக்கும். அப்படியென்றால் கவ்வ இடமே இல்லை, எந்தக் கைவேலைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஆசையை விட்டுவிடுங்கள். இருக்கிறவர்களுக்கும் வியர்வை எதிரி. நான் டிசம்பரில் மூன்று வாரம் தொடர்ந்து போட்டேன், முதல் இரண்டு நாள் குறுகுறுப்பு, அப்புறம் மறந்தே போனேன். மே மாதம் சென்னையில் அதே கண்ணாடி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இறங்கியது, ஒரு நாள் குனிந்து சாப்பிடும்போது நேராக ரசத்தில். மூக்கையும் பேட்டையும் துடைத்துக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் எத்தனை தரம் துடைப்பது?

எடுக்கும்போது சி-பிரிட்ஜ் என்றால் இரண்டு லென்ஸையும் ஓரத்தில் பிடித்துச் சேர்த்து எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பட்டை கோணிவிடும், கோணியதை நிமிர்த்தும்போது நான் ஒன்றை இரண்டாக்கியிருக்கிறேன். ஃபிங்கர்-பீஸ் என்றால் நெம்புகோலைக் கிள்ளி முன்பக்கமாக எடுக்க வேண்டியதுதான். கடைசியாக, நாடா இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் போடாதீர்கள். பொருத்தம் எப்படி என்று பார்க்கத் தலையை ஆட்டிப் பார்ப்பதெல்லாம் போதாது, மிளகாய் தாளிக்கிற நேரத்தில் அடுப்படிப் பக்கம் போய் ஒரு தும்மல் வரட்டும், அப்போது தெரியும்.